கணக்குத் தெரியாதவர் போடும் கணக்கு

"கணக்கா? மூன்றாண்டு கணக்குப் படித்து என்ன சாதிக்கப் போகிறாய்? வாத்தியார் வேலைக்கு வரிசையில் நிற்கவா?"

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கிலே முதல்வனாக வந்த கூலிக்காரன் மகனை நோக்கி ஊர்ப் பெரியதனம் வீசும் கேள்வி இது. அப்பன் விழிக்கிறான், தாய் தயங்குகிறாள். மறுநாள், பையனின் சாதகம் சோதிடர் வீட்டுத் திண்ணையில் விரிக்கப்படுகிறது. கோள்களைக் கூட்டிக் கழித்து அவர் தீர்ப்பளிக்கிறார்: "பொறியியல் யோகம்!" பிறகென்ன? தாயின் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போகிறது. பையன் தனியார் கல்லூரிக்குப் போகிறான்.

தோழர்களே! பட்டத்தின் விலை என்ன, பயன் என்ன என்று கேட்பது குற்றமன்று. வயிறு காய்ந்தவன் கேட்காமல் வேறு யார் கேட்பது? ஆனால், அந்தக் கணக்கைச் சோதிடரா போடுவது? நாமே போட்டுப் பார்ப்போம்.

முதலில் செலவு. அரசு கலைக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குப் பயிற்றுக் கட்டணம் இல்லை. பிற கட்டணங்களோ சிறியவை. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவியர்க்கு 2022இல் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்க்கு 2024இல் தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய்க்கு வழி செய்தன. 36 மாதத்திற்கு 36,000 ரூபாய். இதைச் சுட்டிக்காட்டி, "இலவசப் படிப்புத்தானே!" என்பர் சிலர். இலவசமா? நாட்கூலி 500 ரூபாய், மாதம் இருபது நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். மூன்றாண்டில் அந்தக் குடும்பம் இழக்கும் கூலி 3,60,000 ரூபாய்! கிடைக்கும் உதவி இழப்பிலே பத்தில் ஒரு பங்கு. செல்வர் வீட்டார் எழுதத் தேவையில்லாத செலவு இது. ஏழைக்கோ இதுதான் முதற்செலவு.

அடுத்து வரவு. ஆசிரியப் பணி ஒன்றுதான் வழி என்று நம்பினால், வழி நீண்டது. பட்டத்திற்கு மூன்றாண்டு, 2015 முதல் கல்வியியல் பட்டத்திற்கு இரண்டாண்டு, பின்னர் தகுதித் தேர்வு, 2018இல் வந்த ஆணையின்படி அதற்கும் மேலே ஒரு போட்டித் தேர்வு. இவ்வளவும் கடந்த பின்னரும் வேலை உறுதியன்று. இதை மறைத்து, "படி தம்பி, படி" என்று முழங்குவது ஏமாற்று.

ஆனால், வழி அது ஒன்றுதானா? ஐ.ஐ.டி.யில் முதுநிலைக் கணிதம் பயில 'ஜாம்' என்றொரு நுழைவுத் தேர்வு உண்டு. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு நல்கைக்குத் தகுதி பெற்று ஆய்வில் சேர்ந்தவர்க்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், படிக்கும்போதே ஊதியம்! தரமணியில் 1962இல் தோன்றிய கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. சிறுசேரியில் கணிதவியல் கழகம் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஆயுளையும் இழப்பையும் கணித்துச் சொல்லும் 'ஆக்சுவரி' தொழில் இருக்கிறது. புள்ளியியலும் கணினி நிரலும் சேர்த்துக் கற்றவனுக்கு இன்னும் பல கதவுகள். ஒன்று மட்டும் நினைவில் நிற்கட்டும்: கையேட்டை மனப்பாடம் செய்து வாங்கிய பட்டம் இந்தக் கதவுகளில் ஒன்றையும் திறக்காது.

இத்தனை வழி இருந்தும் கூலிக்காரன் மகன் ஏன் அறியவில்லை? "கணக்கு மூளை பிறப்பிலே வருவது, அவனுக்கு வராது" என்று சாதிக்கிறார்கள் சிலர். சான்றாக இராமானுசனைக் காட்டுகிறார்கள்.

அவர் வரலாற்றையே பார்ப்போம். குடந்தைக் கல்லூரியிலும் பச்சையப்பன் கல்லூரியிலும் தேறாதவர், பட்டம் இல்லாதவர், வறுமையில் வாடியவர். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் எழுத்தர். அவர் அறிவு அவருடையது, ஐயமில்லை. ஆனால், அந்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கத் துணை ஆட்சியர் இராமசாமி ஐயர் இருந்தார். பரிந்துரைக்கச் சேசு ஐயர் இருந்தார். கைப்பணம் கொடுத்துக் காக்க ஆட்சியர் இராமச்சந்திர ராவ் இருந்தார். அலுவலகத்திலே நாராயண ஐயர் இருந்தார். 1913இல் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் உதவித்தொகை. 1914இல் கேம்பிரிட்சுக்குக் கப்பல். நாமகிரித் தாயார் கனவிலே சூத்திரம் தந்தாள் என்கிறார்கள். கனவு இருக்கட்டும், நனவிலே கைகொடுத்த இந்த மனிதர்களை எண்ணுங்கள்! அந்த நாளில், சேரியில் பிறந்த ஒருவனின் நோட்டைப் புரட்ட எந்த ஆட்சியர் காத்திருந்தார்?

மூளை எல்லாத் தெருவிலும் பிறக்கிறது. வழி சொல்லும் மாமனும் சித்தப்பனும் சில தெருக்களில் மட்டுமே இருக்கிறார்கள். பட்டத்தின் மதிப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்த வேறுபாடே!

ஆகவே, தோழர்களே! அந்த மாமன் வேலையை நம் மன்றங்கள் ஏற்கட்டும். படிப்பக வாயிற்பலகையில் நுழைவுத் தேர்வு நாட்களை எழுதுங்கள். விண்ணப்பம் நிரப்பக் கற்றுக்கொடுங்கள். மூன்றாண்டுக் கூலி இழப்பை ஈடுசெய்யும் அளவுக்கு உதவித்தொகையை உயர்த்துமாறு அரசைக் கேளுங்கள். கணக்கு வேண்டாமென்று ஒருவன் முடிவு செய்தால் செய்யட்டும். வரவும் செலவும் தெரிந்து அவனே செய்யட்டும். திண்ணைச் சோதிடர் அவனுக்காகச் செய்ய வேண்டாம்.

நம் பிள்ளைகளின் கணக்கை நெடுங்காலம் பிறர் எழுதினர். எழுதுகோல் இனி நம் பிள்ளைகளின் கையில் இருக்கட்டும்!