அம்பயரைத் திட்டுனா கோப்பை வந்துருமா?

ஞாயித்துக்கிழமை ராத்திரி ஐபிஎல் ஃபைனல்ல சென்னை ஒரு ரன்னுல தோத்துச்சு. அன்னையில இருந்து எங்க ஊரு டீக்கடையில ஒரே பேச்சுதான். "அம்பயர்தான் தோக்கடிச்சுட்டான் சித்தப்பா"னு என் அண்ணன் மகன் கொதிக்கிறான். டவுன்ல இருக்குற நீங்களும் வாட்ஸ்அப்புல அதையேதான் அனுப்புறீங்க. நான் ஒத்துக்க மாட்டேன்.

தோனி ரன் அவுட் சந்தேகமானதுதான். ஒரு கேமராவுல பேட் கோட்டுக்குள்ள தெரியுது, இன்னொண்ணுல வெளியே தெரியுது. தேர்ட் அம்பயர் நைஜல் லாங் ரொம்ப நேரம் பார்த்துட்டு அவுட்னு சொன்னார். சந்தேகத்தோட பலனை தோனிக்குக் கொடுத்திருக்கலாம். எனக்கும் வருத்தம்தான்.

ஆனா அதே மேட்ச்ல பொல்லார்ட் பேட்டைத் தூக்கிப் போட்டுக் கோபப்பட்டாரே, அது எதுக்கு? பிராவோ அகலமாப் போட்ட பந்துக்கு அம்பயர் வைடு கொடுக்கல. அந்தக் கோபத்துக்கு மேட்ச் சம்பளத்துல 25 சதவீதம் அபராதம் வேற. ஒரு ரன்னுல முடிஞ்ச ஆட்டத்துல அந்த வைடு நமக்கு லாபம் இல்லையா? அதை மட்டும் யாரும் பேச மாட்டேங்குறீங்க.

இப்பக் கணக்குக்கு வருவோம். ஜெயிக்க வேண்டியது 150. ரெய்னா 8, ராயுடு 1, தோனி 2. மூணு பேரும் சேர்ந்து 11 ரன். முழங்கால்ல ரத்தம் ஒழுக ஒழுக வாட்சன் 80 அடிச்சார். அவர் கேட்சை மும்பைக்காரங்க கோட்டை விட்டதும் நமக்குக் கிடைச்ச அதிர்ஷ்டம்தான். பும்ரா 4 ஓவர்ல 14 ரன்தான் கொடுத்தார். கடைசி ஓவர்ல 9 ரன் வேணும், நாம எடுத்தது 7. கடைசிப் பந்துல மலிங்கா எல்பிடபிள்யூ எடுத்ததையும் நைஜல் லாங் கணக்குலயா எழுதுறது?

இன்னொண்ணு. இந்த வருசம் மும்பையோட நாலு தடவை ஆடி நாலுலயும் தோத்தோம். வான்கடேயில 37 ரன், நம்ம சேப்பாக்கத்துலயே 46 ரன், அங்கேயே குவாலிஃபயர்ல 6 விக்கெட், அப்புறம் இது. நாலு தடவையும் அம்பயரா தோக்கடிச்சான்? மிடில் ஆர்டர் சரியில்ல, எப்படியோ ஃபைனல் வரை வந்துட்டோம்னு ஆட்டம் முடிஞ்சதும் தோனியே சொல்லிட்டார். அவர் ஒத்துக்கிட்டதை ரசிகன் ஒத்துக்க மாட்டேங்குறான்.

நானும் ஒரு காலத்துல இப்படித்தான் இருந்தேன். பொங்கல் கபடியில பக்கத்து ஊர்க்காரங்ககிட்ட ரெண்டு பாயின்ட்ல தோத்தோம். நான் கடைசியாப் பாடிப் போனப்ப கோட்டுக்கு வெளியே மிதிச்சுட்டேன்னு அம்பயர் சொல்லிட்டார். ஒரு வருசம் அவரைத் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். எங்க பெரியப்பா ஒருநாள் கேட்டார்: "மொதப் பாதியில ஒம்பது பாயின்ட் விட்டீங்களேடா, அதுவும் அவர் கொடுத்ததா?" பதில் சொல்ல முடியல. திட்டுன அந்த ஒரு வருசமும் நாங்க பிராக்டிஸே பண்ணல. அடுத்த பொங்கலுக்கும் தோத்தோம்.

அதனாலதான் இப்ப எனக்குக் கோபம். போன வாரம் எங்க ஊருப் பயலுக டோர்னமென்ட்ல தோத்துட்டு வந்து, அம்பயர் சரியில்லைன்னானுக. இன்னிக்குச் சாயங்காலம் போய்ப் பார்த்தேன், கிரவுண்டுல ஒருத்தனும் இல்ல. எல்லாரும் டீக்கடையில நைஜல் லாங்கைத் திட்டிக்கிட்டு இருக்கானுக.