அந்த ஒரு நாள் அவகாசம்

ஹரியானா மாநிலம் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியர் 2025 செப்டம்பரில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் பறிகொடுத்தார்கள். அவர்களை மிரட்டியவர்கள் காட்டியது உச்ச நீதிமன்ற உத்தரவு. முத்திரை, கையெழுத்து எல்லாமே போலி. அந்தத் தம்பதியர் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் அக்டோபரில் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. டிசம்பர் 1 அன்று, ‘டிஜிட்டல் கைது’ மோசடிகளை நாடு முழுவதும் சிபிஐ விசாரிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இதில் வங்கி ஊழியர்களுக்குப் பங்கு உண்டா என்பதையும் விசாரிக்கச் சொன்னது. வரவேற்க வேண்டிய உத்தரவுதான். ஆனால் விசாரணை என்பது பணம் போன பிறகு நடப்பது. போவதற்கு முன்பே அதை நிறுத்திவைக்க ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் ரிசர்வ் வங்கியிடம் நாம் கேட்கிறோம்.

இந்த மோசடி நடக்கும் விதம் இப்போது பலருக்கும் தெரியும். உங்கள் பெயரில் வந்த கூரியர் பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்றோ, உங்கள் ஆதாரைக் காட்டி வாங்கிய சிம் குற்றத்துக்குப் பயன்பட்டது என்றோ ஓர் அழைப்பு வரும். அடுத்த நிமிடம் அழைப்பு ‘மும்பை போலீஸு’க்கு மாறும். வீடியோவில் காக்கிச் சட்டை, பின்னால் கொடி, மேஜையில் கோப்புகள். கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் பேசக் கூடாது என்பார்கள். பிறகு, உங்கள் பணம் நல்ல பணம்தானா என்று ‘சரிபார்க்க’ ஒரு கணக்குக்கு அனுப்பச் சொல்வார்கள். சரியென்றால் திரும்பி வந்துவிடும் என்பார்கள். 2024இல் லூதியானாவைச் சேர்ந்த பெரிய ஜவுளித் தொழிலதிபர் ஒருவர், எண்பது வயதைக் கடந்தவர், இப்படித்தான் 7 கோடி ரூபாய் இழந்தார். அவருக்காக வீடியோவில் ஒரு போலி உச்ச நீதிமன்ற விசாரணையே நடத்திக் காட்டினார்கள்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வீடியோவில் கைது செய்ய இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு. வாட்ஸ்ஆப்பில் சம்மன் போன்ற நோட்டீஸ் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் காவல்துறைக்குச் சொல்லியிருக்கிறது. பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் இந்த மோசடியைப் பற்றி விரிவாகப் பேசினார். அதற்குப் பிறகு யாரை அழைத்தாலும் எச்சரிக்கைக் குரல் ஒலித்துவிட்டுத்தான் மணியடித்த மாதங்களும் இருந்தன. அம்பாலா தம்பதியர் பணத்தை இழந்தது பிரதமர் பேசி பதினொரு மாதம் கழித்து.

விழிப்புணர்வு வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அதை மட்டும் நம்பி ஒரு நாட்டின் சேமிப்பைக் காக்க முடியாது என்பதே நம் வாதம். 2023இல் இணையவழி மோசடியில் மக்கள் இழந்தது சுமார் 7,465 கோடி ரூபாய். 2024இல் அது சுமார் 22,845 கோடி. மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு இது. இணையவழி மோசடிப் புகார்களுக்கான 1930 எண்ணின் பின்னால் இயங்கும் அமைப்பு 2021இல் தொடங்கியதிலிருந்து 2025 நடுப்பகுதி வரை தடுத்துக் காப்பாற்றிய மொத்தத் தொகை ஐயாயிரத்து ஐந்நூறு கோடியைத் தொடவில்லை. ஒரே ஆண்டில் போனதில் கால்பங்குகூட நான்கு ஆண்டுகளில் மீளவில்லை.

காரணம் நேரம். கணக்குக்கு வந்த பணம் சில நிமிடங்களில் பத்து கணக்குகளாகப் பிரியும், அங்கிருந்து நூறாகும், கடைசியில் ஏடிஎம்மில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ வெளியேறிவிடும். ஏமாந்தவர் சுதாரித்து, அழுது, வீட்டில் சொல்லி, 1930ஐ அழைப்பதற்கு இரண்டு நாள் ஆகிறது. மோசடிக்காரர்களின் மூலதனமே அவசரம்தான். அந்த அவசரத்துக்கு ஏற்ற வேகத்தை நம் பணப் பரிமாற்ற முறையே அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் வரும் மோசடிகள் எல்லாவற்றுக்கும் இந்த அவசரமே பொது அடையாளம். ‘இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று மின்வாரியத்தின் பெயரில் வந்த குறுஞ்செய்தி தமிழ்நாட்டில் எத்தனை பேரைப் பதறவைத்தது! கேஒய்சி புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கும் என்பதும், போக்குவரத்து அபராதம் கட்டச் சொல்லி வாட்ஸ்ஆப்பில் வரும் ஏபிகே கோப்பும் அதே ரகம். வருமான வரி ரீஃபண்ட் தயார், இந்த இணைப்பைத் தொடுங்கள் என்கிற மின்னஞ்சலும் அப்படித்தான். எழுத்துப்பிழை இருந்தால் போலி என்று முன்பெல்லாம் சொல்லிக்கொடுத்தோம். இன்று போலிக் கடிதங்களில் பிழையே இருப்பதில்லை. இப்போது பார்க்க வேண்டிய அடையாளம் இரண்டு: இப்போதே செய் என்பதும், யாரிடமும் சொல்லாதே என்பதும். இரண்டும் சேர்ந்து வந்தால் எதிர்முனையில் இருப்பவர் எந்த உடை அணிந்திருந்தாலும் அழைப்பைத் துண்டித்துவிட்டு, நமக்கு முன்பே தெரிந்த எண்ணுக்கு நாமே பேச வேண்டும்.

ஏற்றுமதி நிறுவனங்களின் கணக்குப் பிரிவுகளில் நடப்பதையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாகச் சரக்கு தருபவரிடமிருந்து மின்னஞ்சல் வரும்: எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த மாதப் பணத்தைப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள். முகவரியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். சில சமயம் அதுகூட மாறியிருக்காது, அவருடைய மின்னஞ்சலுக்குள்ளேயே யாரோ புகுந்திருப்பார்கள். பழைய எண்ணில் அவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்டால் வெளிப்பட்டுவிடும் பொய் இது. கேட்க நேரமில்லாதபடி அந்தக் கடிதம் எழுதப்பட்டிருக்கும்.

இந்த அழைப்புகளைச் செய்வது யாரோ தனி ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. மியான்மரின் மியாவாடியிலும் கம்போடியாவிலும் வேலிபோட்ட வளாகங்களில், ஷிஃப்ட் முறையில், எழுதிக் கொடுத்த வசனத்தோடு இது ஒரு தொழிற்சாலையாக நடக்கிறது. தாய்லாந்தில் ஐடி வேலை என்று அழைத்துப்போகப்பட்டு மியாவாடியில் சிக்கிய தமிழர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டு சென்னை வந்தார்கள். ஏமாற்ற மறுத்தவர்களை அங்கே அடித்தார்கள், மின்சாரம் பாய்ச்சினார்கள். இவ்வளவு பெரிய ஏற்பாட்டுக்கு எதிராக, ஓய்வுபெற்று தனியே இருக்கும் ஒரு மனிதரை நிறுத்தி ‘நீங்கள்தான் கவனமாக இருந்திருக்க வேண்டும்’ என்று சொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

ஆனால் நம் விதிகள் சொல்வது ஏறக்குறைய அதைத்தான். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கியின் தவறால் பணம் போனால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்றது. இருதரப்பிலும் தவறில்லாமல் வேறு எங்கோ நடந்த குளறுபடி என்றாலும், மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் பொறுப்பில்லை. ஓடிபி, பின் போன்றவற்றைத் தானே கொடுத்திருந்தால் மட்டும், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன முழுத்தொகையும் வாடிக்கையாளர் தலையில். அலட்சியம் என்பது அதற்கு வைத்த பெயர். இரண்டு நாள் கேமரா முன்னால் உட்காரவைத்து, பிள்ளையையும் கைது செய்வோம் என்று மிரட்டி வாங்கியதை அலட்சியம் என்று எப்படிச் சொல்வது? கத்தி முனையில் கழற்றிக் கொடுத்த சங்கிலியை அன்பளிப்பு என்று யாரும் எழுதிக்கொள்வதில்லை.

பிரிட்டன் இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டது. 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டுவரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். அதில் பாதியை அனுப்பிய வங்கியும், பாதியைப் பெற்ற வங்கியும் ஏற்க வேண்டும். இந்தப் பாதிப் பங்குதான் இந்த ஏற்பாட்டின் உயிர். மோசடிக்காரனுக்குக் கணக்குத் திறந்துகொடுத்த வங்கிக்கும் அங்கே நஷ்டம் வருகிறது. அதே மாதக் கடைசியில் இன்னொரு விதியும் வந்தது. மோசடி என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், பணம் அனுப்புவதைக் கூடுதலாக 72 மணி நேரம்வரை வங்கி நிறுத்திவைக்கலாம். சிங்கப்பூர் இன்னும் ஓர் அடி முன்னே போயிருக்கிறது. 2025 ஜூலை முதல் நடப்பிலுள்ள அதன் சட்டப்படி, மோசடிக்காரரை நம்பி பணம் அனுப்பியே தீருவேன் என்று நிற்பவரின் கணக்கை முதலில் 30 நாட்களுக்குக் கட்டுப்படுத்தும்படி வங்கிக்குக் காவல்துறை உத்தரவிடலாம்.

நம் கோரிக்கை இவ்வளவு கடுமையானதுகூட இல்லை. அறுபது வயதைக் கடந்தவரின் கணக்கிலிருந்து, அவர் இதுவரை பணம் அனுப்பியிராத ஒரு கணக்குக்கு, ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போகிறதா? அந்தத் தொகை 24 மணி நேரம் வங்கியிலேயே நிற்கட்டும். அதற்குள் அவர் முன்பே பெயர் எழுதிக்கொடுத்த மகளுக்கோ, தம்பிக்கோ, நண்பருக்கோ வங்கி ஓர் அழைப்பு செய்யட்டும். நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே உடைத்து உடனே ஆர்டிஜிஎஸ் செய்யச் சொன்னால் இந்த விதி கட்டாயமாகட்டும். நிறுத்திவைக்கத் தவறினால் நஷ்டத்தில் இரு வங்கிகளும் பங்கேற்கட்டும்.

அவசர சிகிச்சைக்குப் பணம் கட்ட முடியாமல் போகுமே என்ற கேள்வி நியாயமானது. மருத்துவமனை, கல்லூரி, அரசு அலுவலகம் போன்ற சரிபார்த்த கணக்குகளுக்கு விலக்கு அளிக்கலாம். அந்தப் பட்டியலைத் தயாரிப்பது வங்கிகளுக்குக் கடினமான வேலையல்ல. திருப்பித் தருவோம் என்றால் பொய்ப் புகார்கள் பெருகும் என்பது இன்னொரு வாதம். அதற்காகத்தான் விசாரணை இருக்கிறது. காப்பீட்டில் பொய்க் கோரிக்கை வருகிறது என்று யாரும் காப்பீட்டையே நிறுத்திவிடவில்லை.

ஒரு சின்னக் கதவை மூடினால் என்ன நடக்கும் என்பதற்கு உள்ளூரிலேயே முன்மாதிரி உண்டு. பணம் வாங்க பின் தேவையில்லை என்று யுபிஐ வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தோம். ஆனாலும் பழைய சோபா விற்க விளம்பரம் கொடுத்தவர்கள், ‘பணம் அனுப்புகிறேன், பின் போடுங்கள்’ என்றதை நம்பிப் பணத்தை விட்டார்கள். கடைசியில் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ, தனிநபருக்குத் தனிநபர் பணம் கேட்டு அனுப்பும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தியது. அந்த வழி அடைபட்டது. அத்தனை ஆண்டு எச்சரிக்கையால் ஆகாதது ஒரு சுற்றறிக்கையால் ஆனது.

பணம் போய்ச்சேரும் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சில ஆயிரம் ரூபாய் கமிஷனுக்காகத் தன் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் சேர்த்து வாடகைக்கு விடும் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டாத கணக்கில் ஒரு மதியம் நாற்பது லட்சம் வந்து இறங்கி, அரை மணியில் காலியானால், அதைக் கண்டுபிடிக்க மேதை தேவையில்லை. இத்தகைய வாடகைக் கணக்குகளை அடையாளம் காண ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையமே ஒரு மென்பொருள் உருவாக்கியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவை ஏன் இதற்குப் பயன்படுத்தவில்லை என்று உச்ச நீதிமன்றமும் ரிசர்வ் வங்கியைக் கேட்டிருக்கிறது. பெற்ற வங்கிக்கு நஷ்டத்தில் பங்கு வந்தால் அந்த மென்பொருள் எல்லாக் கிளைகளிலும் தானாகவே வேலை செய்யத் தொடங்கும்.

குடும்பங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ‘இவ்வளவு படித்தவர் எப்படி ஏமாந்தார்’ என்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறோம். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அப்பாவோ அத்தையோ நாளை தனக்கு அந்த அழைப்பு வரும்போது நம்மிடம் சொல்லமாட்டார். பணம் போன பிறகும் சொல்லமாட்டார். 1930க்குத் தேவைப்படும் முதல் சில மணி நேரம் அந்த வெட்கத்தில்தான் கரைகிறது. இன்றிரவே அவர்களிடம் சொல்லிவைக்கலாம்: எப்படிப்பட்ட அழைப்பு வந்தாலும், எவ்வளவு போயிருந்தாலும், முதலில் எங்களைக் கூப்பிடுங்கள், நாங்கள் திட்டமாட்டோம்.

வைப்பை உடைக்க வந்த முதியவரின் முகத்தைப் பார்த்து, சட்டைப்பையில் ஓடிக்கொண்டிருந்த வீடியோ அழைப்பைக் கவனித்து, கேள்வி கேட்டுத் தடுத்துவிட்ட வங்கி ஊழியர்களைப் பற்றிய செய்திகள் அவ்வப்போது வருகின்றன. அவர்கள் தங்கள் சொந்த மனசாட்சியால் செய்தது அது. வாடிக்கையாளர் ‘என் பணம், அனுப்புங்கள்’ என்று வற்புறுத்தினால் பெரும்பாலும் அவர்கள் அனுப்பியே ஆக வேண்டியிருக்கிறது. கவுன்ட்டரில் இருக்கும் அந்த ஊழியருக்கு ‘நாளை வாருங்கள் ஐயா’ என்று சொல்லும் அதிகாரத்தை ரிசர்வ் வங்கி எழுத்தில் தர வேண்டும். அதற்கு ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும்.