அமைச்சரின் பதிலில் யாரும் சாகவில்லை

2021 சூலையில் மாநிலங்களவையில் ஒரு கேள்வி வந்தது. கையால் மலம் அள்ளும் தொழிலில் எத்தனை பேர் செத்திருக்கிறார்கள்? சமூக நீதித் துறை இணையமைச்சர் ராம்தாஸ் அத்வாலே எழுத்து மூலம் பதில் தந்தார். அப்படிப்பட்ட சாவு எதுவும் பதிவாகவில்லை என்றார்.

அதே கூட்டத்தொடரில் அதே அமைச்சகம் இன்னொரு பதிலும் தந்தது. பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கிச் செத்தவர்கள் 941 பேர் என்றது. 1993-லிருந்து எண்ணிய கணக்கு அது. அதில் 213 பேர் தமிழ்நாட்டில் செத்தவர்கள். சமூக நீதி மண் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோமே, அந்த மண்தான் இந்தப் பட்டியலில் முதலிடம்.

ஒன்றில் யாருமே சாகவில்லை. இன்னொன்றில் 941 பேர். எது பொய்? தோழர்களே, கொடுமை என்னவென்றால் சட்டப்படி இரண்டுமே சரி. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். சுகாதாரமற்ற கழிப்பிடத்திலும் அதன் மலம் வந்து விழும் திறந்த சாக்கடையிலும் குழியிலும் ரயில் தண்டவாளத்திலும் மலத்தைக் கையால் அகற்றுகிறவர்தான் அதில் 'மலம் அள்ளும் தொழிலாளி'. பாதாளச் சாக்கடைக்குள் இறங்குகிறவருக்கு அங்கே வேறு தலைப்பு, 'அபாயகரமான துப்புரவு'. அதுவும் முதலாளி பாதுகாப்புக் கருவி தராமல் இறக்கினால்தான் அபாயம். ஆக, மலம் அள்ளியதால் செத்தார்களா என்று கேட்டால், இல்லை. குழிக்குள்ள மூச்சுமுட்டிச் செத்தவனுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா? உள்ளே என்ன, பன்னீரா ஓடுது?

நான் ஒரு வங்கியில் எழுத்தனாக இருக்கிறவன். கணக்கில் தலைப்பு என்பது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று எனக்குத் தெரியும். ஒரு தொகையை வேறு தலைப்பில் எழுதிவிட்டால் கூட்டல் சரியாகவே இருக்கும், பேரேடு அழகாகவே இருக்கும். உரிய தலைப்பில் தேடுகிறவனுக்கு மட்டும் அது கிடைக்காது. அமைச்சகம் செய்வதும் இந்தப் பேரேட்டு வேலைதான். இங்கே தலைப்பு மாற்றி எழுதப்படுவது ரூபாய் இல்லை, பிணம்.

தலைப்பு மாறினால் என்ன ஆகும்? கணக்கெடுப்பில் மலம் அள்ளும் தொழிலாளியாக அடையாளம் காணப்பட்டவருக்கு ஒருமுறை உதவியாக 40,000 ரூபாய், மறுவாழ்வுக் கடன், பயிற்சி என்று ஒரு திட்டம் இருந்தது. சாக்கடைக்குள் செத்தவனின் குடும்பம் அந்தத் தலைப்பில் வராது. அவர்களுக்குப் பணம் வாங்கித் தந்தது நீதிமன்றம். சஃபாய் கர்மசாரி அந்தோலன் நடத்திய வழக்கில் 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 10 இலட்சம் தரச் சொன்னது. 1993-லிருந்து செத்த எல்லோர் குடும்பத்துக்கும் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் வந்த தீர்ப்பு அதை 30 இலட்சம் ஆக்கியது. அமைச்சகம் கையில் வைத்திருக்கிற அந்த 941-ம் தானாக வந்ததில்லை. பெசவாடா வில்சனும் அவருடைய தோழர்களும் ஊர் ஊராகப் போய்ச் செத்தவர்களின் பெயரை எழுதிவந்து நீதிமன்றத்தில் வைத்திராவிட்டால் இந்த எண்ணும் பூஜ்யமாகவே இருந்திருக்கும்.

சரி, செத்தவர்கள் யார்? என்ன சாதி? இப்படிக் கேட்டால் அரசு சொல்லும் பதில் ஒன்று உண்டு. இது தொழில் சார்ந்த வேலை, சாதி சார்ந்தது இல்லை. பல முறை அவையில் சொன்ன பதில்தான் இது. அதே அரசின் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2013, 2018 கணக்கெடுப்புகளில் அடையாளம் காணப்பட்ட மலம் அள்ளும் தொழிலாளர்கள் 58,098 பேர். அவர்களில் 43,797 பேரின் சாதி விவரம் மட்டும் இருக்கிறது என்று 2021-இல் பதில் வந்தது. அந்த 43,797-இல் பட்டியல் சாதியினர் 42,594. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு! பாதாளச் சாக்கடைத் தொழிலாளர்களைத் தனியாக எண்ணி 2024 டிசம்பரில் சொன்ன கணக்கிலும் 54,574 பேரில் 37,060 பேர் நம்மவர்கள். தொழில்தான் காரணமென்றால் அந்தத் தொழிலுக்கு ஒரே சேரியிலிருந்து மட்டும் ஏன் ஆள் வருகிறது என்று அந்த அமைச்சர் சொல்ல வேண்டாமா?

வேலைவாய்ப்பு பற்றிய பதில்களையும் இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், பணியாளர் நலத்துறை ஒரு அட்டவணை தரும். 'ஏ' பிரிவு, 'பி' பிரிவு, 'சி' பிரிவு. அந்த 'சி' பிரிவு இரண்டாகப் பிரிந்திருக்கும்: துப்புரவாளர் நீங்கலாக ஒரு வரி, துப்புரவாளர் மட்டும் ஒரு வரி. 'ஏ' பிரிவில் நம் பங்கு 15 விழுக்காட்டைத் தொடாது. கடைசி வரிக்கு வாருங்கள், அங்கே மட்டும் ஒதுக்கீட்டைத் தாண்டி வழியும். இரண்டையும் சேர்த்து மொத்தமாகக் கூட்டி, 17 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறார்கள், ஒதுக்கீடு நிறைந்துவிட்டது என்று பேசுகிறவர்கள் உண்டு. துடைப்பத்தையும் சேர்த்து எண்ணித்தான் சமத்துவம் வருகிறது.

துப்புரவு வேலைக்கு வேறு சாதிக்காரன் வரவே மாட்டான் என்றும் சொல்ல முடியாது. 2019-இல் தமிழ்நாடு சட்டமன்றச் செயலகத்தில் பெருக்குவோர், துப்புரவாளர் வேலைக்கு 14 இடம் அறிவித்தார்கள். 4,600-க்கும் மேல் விண்ணப்பம். பொறியியல் படித்தவன், எம்.பி.ஏ. படித்தவன் எல்லாம் மனுப் போட்டான். ஏன்? அது நிரந்தர வேலை, அரசுச் சம்பளம். கோட்டைக்குள்ள பெருக்குறதுக்கு வரிசை நிக்குது. குழிக்குள்ள எறங்குறதுக்கு நாம மட்டும்தான். வேலையில் பாதுகாப்பு இருந்தால் சாதி மறந்துபோகிறது. விசவாயு இருந்தால் ஞாபகம் வருகிறது.

அதனால்தான் ஒப்பந்தமயம் நமக்கு உயிர்ப் பிரச்சினை. தனியாருக்குக் கொடுத்த வேலை 'பணியிடம்' என்ற தலைப்பிலேயே வராது. பணியிடம் இல்லாத இடத்தில் எந்த இட ஒதுக்கீட்டைக் கேட்பது? செத்தால் ஒப்பந்தக்காரனைக் கை காட்டுவார்கள். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் கேட்டது இதைத்தான்: எங்களைத் தனியாரிடம் தள்ளாதே, நிரந்தரமாக்கு. நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது.

நாடாளுமன்றம் என்பது பேச்சுக் கச்சேரி, அதில் நமக்கென்ன வேலை என்று சில தோழர்கள் கேட்பார்கள். எனக்கு அந்தக் கருத்து இல்லை. 1924-இல் சென்னை மாகாண சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தால்தான் பொதுத் தெருவும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று அரசாணை வந்தது. அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தார். மத்திய சட்டசபையில் பதில் சொல்லும் இடத்தில் நின்றவர் அவர். 1943-இல் மத்திய அரசுப் பணிகளில் 8.33 விழுக்காடு நமக்கு ஒதுக்கப்பட்டது அந்தக் காலத்தில்தான். அத்வாலேயும் தலித் பேந்தர் இயக்கத்தின் வழியாக வந்தவர்தான். நம்மவர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்பது மட்டும் போதாது. அதிகாரி எழுதிக் கொடுத்த பூஜ்யத்தை நம்மவர் வாயாலேயே வாசிக்க வைப்பது அரசுக்கு ரொம்பச் சௌகரியம்.

கேள்வி நேரத்தின் சூட்சுமத்தை நாம் படிக்க வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி 20தான். அதற்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வி கேட்டு மடக்கலாம். மீதி 230 கேள்விக்கு எழுத்தில்தான் பதில். திருப்பிக் கேட்க வழியில்லை. நம் சாவுகள் பெரும்பாலும் இந்த 230-க்குள் போய்ப் புதைகின்றன. 'தகவல் திரட்டப்படுகிறது' என்று அமைச்சர் சொன்னால் அது அரசு தந்த உறுதிமொழி; மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைக் கேட்கத் தனிக் குழுவே இருக்கிறது. யார் கேட்டோம்?

மக்களவையில் 84 தனித்தொகுதிகள். தமிழ்நாட்டில் 7. அந்த ஏழு பேரிடமும் கேள்வியை எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்போம். மாணவத் தோழர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். 'மலம் அள்ளும் தொழிலில்' என்று கேட்காதீர்கள், பூஜ்யம் வரும். சாக்கடை, செப்டிக் டேங்க், கழிவுநீர் நிலையம் என்று இடத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். செத்தவரின் சாதி, வேலைக்கு இறக்கியவர் யார், 30 இலட்சம் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, 7, 9-ஆம் பிரிவுகளில் எத்தனை வழக்கு, எத்தனை தண்டனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். 2022, 2023-இல் நடந்த 54 சாவுகளை அரசே ஆய்வு செய்ததில் 49 பேர் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லாமல் இறங்கியவர்கள் என்று 2025-இல் அவையில் வைக்கப்பட்டது. அப்படியானால் அந்த 49 பேரை இறக்கியவர்கள் 49 வழக்கிலும் எங்கே இருக்கிறார்கள்? இதுதான் அடுத்த கேள்வி.

ஊரில் ஒரு சாவு நடந்தால் பிணம் எரிவதற்கு முன்னால் காவல் நிலையத்துக்குப் போங்கள். கவனக்குறைவால் மரணம் என்று மட்டும் எழுதி அனுப்பப் பார்ப்பார்கள். 2013 சட்டத்தையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் போடச் சொல்லி நில்லுங்கள். முதல் தகவல் அறிக்கையில் எந்தத் தலைப்பு விழுகிறதோ அதுதான் தில்லி வரைக்கும் போகும். பெயர், ஊர், தேதி, இறக்கியவன் பெயர் நான்கையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து நமக்கும் ஒரு படி அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தொடருக்குள் அந்தப் பட்டியல் ஏழு எம்.பி.க்களின் கைக்கும் போய்ச் சேர வேண்டும்.