காஸ் தீரவில்லை, கசிகிறது!

"போன கோடையில்தான் காரின் ஏர்கண்டிஷனுக்குக் காஸ் நிரப்பினோம். இந்தச் சித்திரையில் மறுபடியும் வெந்நீர் அண்டாவுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. என் கணவர் காஸ் டப்பா ஒன்று வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை தாமே நிரப்பிவிடப் போகிறாராம். விடலாமா?" மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

விடாதீர்கள், அம்மா! ஆனால் அவருடைய உற்சாகத்தையும் வீணாக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு வேலை இருக்கிறது, சொல்லுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். காஸ் என்பது பெட்ரோலைப் போல எரிந்து செலவாகும் பொருள் அல்ல. ஊசி போடுமுன் டாக்டர் ஸ்பிரிட் தடவுகிறாரே, அப்போது கை ஜில்லென்று ஆகிறதல்லவா? திரவம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்கிறது. காரிலும் அதே கதைதான். ஆவியான காஸைக் கம்ப்ரஸர் அழுத்துகிறது. முன்பக்கத்துக் கண்டென்ஸரில் அது சூட்டை வெளியே விட்டு மறுபடி திரவமாகிறது. மூடிய குழாய்க்குள் அதே காஸ் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரே வருஷத்தில் அது குறைந்துபோனால், எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஓட்டைக் குடத்தில் எத்தனை முறை தண்ணீர் ஊற்றுவது?

எங்கள் வீட்டிலும் இந்தக் கூத்து நடந்தது. இரண்டு கோடைகள் காஸுக்குப் பணம் அழுதோம். மூன்றாம் வருஷம் வேறொரு மெக்கானிக், குழாய் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு புழுதி படிந்திருந்ததைக் காட்டினார். காஸோடு சேர்ந்து எண்ணெயும் சுற்றுவதால், கசியும் இடத்தில் அந்தக் கறை விழுமாம். சின்ன ரப்பர் வளையம் ஒன்றை மாற்றியதோடு தொல்லை தீர்ந்தது!

இனி, வீட்டிலே செய்யக்கூடியவை:

காற்றே பலமாக வரவில்லையா? பல கார்களில் டாஷ்போர்டு அறைக்குப் பின்னால் ஒரு வடிகட்டி உண்டு. கழற்றிப் பாருங்கள், தூசியும் சருகும் அடைத்திருக்கும். தட்டிச் சுத்தம் செய்யலாம். கறுத்துப் போயிருந்தால் புதிது போடலாம்.

காற்று வருகிறது, குளிர் இல்லையா? எஞ்சின் ஆறிய பிறகு, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸரில் மெதுவாகத் தண்ணீர் விட்டுப் புழுதியையும் பூச்சிகளையும் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் அதன் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். ஏர்கண்டிஷன் பியூஸையும் பார்த்துவிடுங்கள்.

எஞ்சின் ஓடும்போது முந்தானையும் பின்னலும் அருகே போகவே கூடாது. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பதும் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, உயிரையே வாங்கிவிடும்.

காருக்கு அடியில் சுத்தமான தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வடிவதுதான் அது.

டப்பாவை ஏன் வேண்டாம் என்கிறேன்? இன்றும் பல கார்களில் இருக்கும் ஆர் 134ஏ என்ற காஸ், திறந்த வெளியில் பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதிக்கிறது. விரலில் பட்டால் தோல் உறைந்துவிடும். கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம். தவறான பக்கத்தில் இணைத்தால் டப்பாவே வெடிக்கலாம். புதிய கார்கள் சிலவற்றில் வேறு காஸ் இருக்கிறது. இரண்டையும் கலக்கக் கூடாது. அளவு மிஞ்சினால் குளிர் குறையும், கம்ப்ரஸருக்கும் கேடு. வெளியே விட்டாலோ, அது எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். நம் பேரக் குழந்தைகளும் கோடையைத் தாங்க வேண்டாமா?

ஆகவே பட்டறைக்கே போங்கள். போய் மூன்று கேள்விகள் கேளுங்கள். "கசிவு எங்கே? காட்டுங்கள்." "பம்ப் வைத்து உள்ளேயிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்தீர்களா?" "எத்தனை கிராம் நிரப்பினீர்கள்?" உங்கள் காருக்கு வேண்டிய அளவு பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே இருக்கும். எடை போட்டுத்தான் நிரப்ப வேண்டும். கறிகாய்க்காரரிடம் தராசைக் கவனிக்கும் நமக்கு இது சிரமமா என்ன?

மாம்பலத்துச் சகோதரியே, வடிகட்டியும் கண்டென்ஸரும் உங்கள் கணவர் பொறுப்பு. மூன்று கேள்விகள் உங்கள் பொறுப்பு. வேலை முடிந்து வியர்க்க விறுவிறுக்க வருபவருக்கு ஒரு டம்ளர் நீர்மோர் கொடுங்கள். அந்தக் குளிர்ச்சிக்குக் காஸ் தேவையில்லை!