ஃபைனலில் தோற்றவர்

எதற்கும் மார்க் போடாமல் நமக்குத் தூக்கம் வராது. பிள்ளைக்கு மார்க், மாப்பிள்ளைக்கு மார்க், கல்யாண சாம்பாருக்கு மார்க். கிரிக்கெட் கோச் மட்டும் தப்ப முடியுமா?

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் நான் முடி வெட்டிக்கொள்ளும் சலூனில் போன ஞாயிற்றுக்கிழமை இதுதான் பேச்சு. "ஐ.பி.எல்.ல பெரிய கோச்சுன்னா மஹேலா ஜெயவர்த்தனேதான் சார். மூணு ஃபைனல், மூணு கப்பு. நூத்துக்கு நூறு! நம்ம ஃப்ளெமிங் பத்துக்கு அஞ்சு. ஜஸ்ட் பாஸ்!" என்றார் சலூன்காரர். கத்தி என் கழுத்தருகே இருந்ததால் நான் மறுத்துப் பேசவில்லை.

கணக்கென்னவோ சரிதான். 2025 வரை கோச்சாக ஃப்ளெமிங் பார்த்த ஃபைனல் பத்து. சென்னையோடு ஒன்பது, 2017-ல் புனேயோடு ஒன்று. ஜெயித்தது 2010, 2011, 2018, 2021, 2023 ஆக ஐந்து.

வீட்டுக்கு வந்து பழைய ஸ்கோர்களைப் புரட்டினேன். 2017 ஃபைனல்: மும்பை 129, புனே 128. 2019 ஃபைனல்: மும்பை 149, சென்னை 148. இரண்டிலும் ஜெயித்த பக்கம் மஹேலா, தோற்ற பக்கம் ஃப்ளெமிங். வித்தியாசம் இரண்டு தடவையும் ஒரே ஒரு ரன்! 2019-ல் கடைசிப் பந்தில் ரெண்டு ரன் வேண்டும். மலிங்கா போட்டார்; ஷர்துல் தாக்கூர் எல்.பி.டபிள்யூ. அந்த ரெண்டு ரன் வந்திருந்தால் நூற்றுக்கு நூறு அறுபத்தாறு சொச்சமாக இறங்கியிருக்கும்.

2023-ல் காற்று இந்தப் பக்கம் வீசியது. கடைசி ரெண்டு பந்தில் பத்து ரன். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். பந்து போட்டதும் அடித்ததும் யாரோ. மார்க் மட்டும் கோச்சுக்கு.

இன்னொரு வேடிக்கை. மஹேலா இருந்தபோதே 2022-ல் மும்பை பத்து டீமில் பத்தாவது. 2025-ல் ஃப்ளெமிங்கின் சென்னையும் அதே பத்தாவது. ஃபைனல் கணக்கில் இரண்டுக்குமே இடமில்லை. ஃபைனல் வரை போய்த் தோற்றால் கரும்புள்ளி. கடைசியில் வந்தால் ஒன்றுமில்லை! மஹேலா மட்டம் என்று சொல்லவில்லை. ஏழு சீசனில் மூணு கப் லேசுப்பட்ட காரியமா? அளக்கிற முழக்கோல்தான் கோணல்.

ஐ.பி.எல். கோச்சுகளுக்கு இதனால் குடி முழுகிவிடாது. ஆவடிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பி.டி. மாஸ்டருக்கு முழுகியது. மூணு வருஷம் வரிசையாகப் பள்ளிக்கூட டீமை ஃபைனலுக்குக் கொண்டுபோனார். மூன்றிலும் தோல்வி. 'ராசியில்லாத மனுஷன்' என்று நிர்வாகம் அனுப்பிவிட்டது. புது மாஸ்டர் வந்தார். ரெண்டு வருஷமாக டீம் முதல் ரவுண்டிலேயே வீடு திரும்புகிறது. ஃபைனலில் ஒரு தடவைகூடத் தோற்காத காரணத்தால் அவர் வேலைக்கு ஆபத்தில்லை.

பழையவர் இப்போது பூந்தமல்லியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் பேட்டுக்கு கிரிப் மாட்டிக்கொண்டிருக்கிறார். "வருத்தமில்லையா மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"ஃபைனல்ல தோக்கணும்னாலும் அதுவரைக்கும் ஜெயிக்கணுமில்ல சார்!" என்று சிரித்தார்.

இந்த வருஷம் முதல் ரவுண்டில் தோற்றதும் பையன்கள் வீட்டுக்குப் போகவில்லையாம். கிட் பையைத் தூக்கிக்கொண்டு நேரே அந்தக் கடைக்குத்தான் வந்தார்களாம்.