விலை ஏறினால் டீசல் வந்துவிடுமா?

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தாலே பட்டுக்கோட்டையிலிருந்து வேதாரண்யம் வரை பெட்ரோல் பங்க்குகளில் கேன்களோடு வரிசை நீண்டுவிடும். கஜா புயலைப் பார்த்த ஊர்கள் அவை. அந்த வரிசையை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த வாரம் எனக்கு எரிச்சலூட்டியது, புயல் நேரத்தில் விலை ஏறுவதே நல்லது, ஏறினால் பதுக்கல் குறைந்து சரக்கு தானாக வந்து சேரும் என்று படித்தவர்கள் பேசுகிற பேச்சுதான். 2004-இல் சார்லி புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் இதே வாதம் எழுந்தது. காவிரி டெல்டாவில் அது செல்லாது என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் போனதும் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நின்றது. மாற்று ஏற்பாடு இல்லாத பங்க்கில் நிலத்தடித் தொட்டி நிறைய எண்ணெய் இருந்தாலும் அதை மேலே இழுக்க வழியில்லை. பங்க் விலையை எண்ணெய் நிறுவனங்கள் நிர்ணயிப்பதால் அங்கே விலை எகிறவில்லை. எகிறியது ஜெனரேட்டர் வாடகையும் மெழுகுவத்தி விலையும்தான். தெருத் தெருவாக வசூல் செய்து ஜெனரேட்டர் பிடித்துத் தண்ணீர் ஏற்றினார்கள். வசூலுக்குக் காசில்லாத குடியிருப்பு காத்துக் கிடந்தது. சாலையில் கிடந்த மரங்களை அறுத்துத் தள்ளிய பிறகே லாரி உள்ளே வந்தது. விலை எவ்வளவு ஏறினாலும் அது மரத்தை அறுக்காது.

இங்கேதான் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் எழுதிய ‘வறுமையும் பஞ்சங்களும்’ நூலுக்கு மறுபடி வருகிறேன். நெல் விளையும் நாட்டில் அதை எத்தனை முறை எடுத்தாலும் தகும். 1942 அக்டோபரில் வங்காளத்தின் மிட்னாப்பூர்க் கரையைப் புயல் தாக்கியது. அடுத்த ஆண்டு பஞ்சம். 1943-இல் வங்காளத்தில் கிடைத்த உணவு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 விழுக்காடுதான் குறைவு. பஞ்சமே இல்லாத 1941-ஐவிட அதிகம் என்று சென் கணக்கிட்டுக் காட்டினார். கல்கத்தாவில் கட்டுப்பாட்டு விலையில் அரிசி வாங்க முடிந்தவர்கள் பிழைத்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற விவசாயக் கூலிகள், மீனவர்கள் போன்ற கிராமத்து ஏழைகள். கூலி நின்ற இடத்திலேயே நிற்க, அரிசி விலை மட்டும் ஏறியது. அரிசி இருப்பதும் அது ஒருவன் கைக்கு வருவதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன நூல் எனக்குத் தெரியவில்லை.

சென்னின் கணக்கை மறுத்தவர்கள் உண்டு. 1942-இல் வங்காளத்து நெல்லைப் பழுப்புப் புள்ளி நோய் கடுமையாக அழித்தது என்று பயிர்நோய் அறிஞர் பத்மநாபன் 1973-இலேயே எழுதினார். உண்மையான பற்றாக்குறையை சென் குறைத்து மதிப்பிட்டார் என்று பின்னால் வந்த சில ஆய்வாளர்களும் வாதிட்டார்கள். அவர்கள் சொல்வதே சரி என்று வைத்துக்கொண்டாலும், குறைந்துபோன அரிசி யாருக்குக் கிடைக்காமல் போனது என்ற கேள்விக்கு விடை மாறாது. இன்னொரு மறுப்பும் உண்டு: கூடுதல் வாடகை இல்லாவிட்டால் வெளியூர்க்காரர் எதற்கு ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வரப்போகிறார்? நியாயமான கேள்வி. அவருக்கு நல்ல வாடகை கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதைக் கொடுக்க வேண்டியது அரசின் கருவூலம். தென்னந்தோப்பு முழுவதும் சாய்ந்து கிடக்கிறவனின் மடி அல்ல.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் வரும் என்பது டெல்டாவில் குழந்தைக்கும் தெரியும். அதே நாட்களில்தான் சம்பாவும் தாளடியும் இளம்பயிராக நிற்கின்றன. மூழ்கிய வயலில் ஆயில் எஞ்சின் வைத்துத் தண்ணீரை இறைக்க டீசல் உடனே வேண்டும். நாள் கடந்தால் பயிர் அழுகிவிடும். எனவே புரட்டாசிக்குள் ஒவ்வொரு ஊராட்சி ஒன்றியமும் ஜெனரேட்டர்களை வாடகை பேசி ஒப்பந்தம் போடட்டும். பங்க்குகளுக்கு மாற்று மின்சாரம் கட்டாயமாகட்டும். முதல் டீசல் ஆஸ்பத்திரிக்கும் குடிநீர் மோட்டாருக்கும், அடுத்தது வயல் இறைப்புக்கும், மீதி மற்றவர்களுக்கு என்று டோக்கன் முறை எழுத்தில் இருக்கட்டும். பெட்ரோலியப் பொருட்களைத் தன் பட்டியலில் வைத்திருக்கும் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் 1955-லிருந்தே இருக்கிறது. அதிகாரம் போதவில்லை என்று எந்த அரசும் சொல்ல முடியாது.