குழந்தையும் காலமும்

நம் கல்லூரியில் மணி அடித்தால் வகுப்பிற் புகுகின்றோம். மீண்டும் அடித்தால் கலைகின்றோம். அடுத்து வருவது இன்னதென அறிந்திருத்தல் மனத்திற்கு எத்துணை அமைதி தருகின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கடிகாரம் பார்க்கவும் அட்டவணை படிக்கவும் அறியாத மூன்று வயதுக் குழந்தைக்கு அவ்வமைதி எங்ஙனம் கிட்டும்?

அங்கன்வாடிக்கு முதன்முதல் கொணரப்பட்ட குழந்தை, அன்னை எப்போது வருவாள் என்று கேட்டு அழுகின்றது. "இதோ வந்துவிடுவாள்" என்கின்றோம். அந்த "இதோ" பல மணி நேரமாய் நீள்கின்றது. ஈற்றில் அழுகை ஓய்வது நம் சொல்லை நம்பியதனால் அன்று, களைப்பினால். இப்பொய்யைக் கருணையென்று கொள்வார் பலர். யாம் அங்ஙனம் கொள்ளோம். குழந்தை வேண்டுவது ஆறுதல் மட்டும் அன்று, விடையுமாம்.

மணிக்கணக்கு அறியாப் பருவத்தும் நிகழ்ச்சிகளின் வரிசையைக் குழந்தை பற்றிக்கொள்ளும். பாட்டு, விளையாட்டு, கைகழுவுதல், மதிய உணவு, உறக்கம், அன்னையின் வரவு என ஆறு படங்களை அதன் கண்மட்டத்தில் வரிசையாக மாட்டி, முடிந்ததை அதன் கையாலேயே திருப்பிவைக்கச் செய்க. அப்பொழுது "உறங்கி எழுந்தபின் அம்மா" என்னும் விடை மெய்யும் ஆகும். கண்ணாற் காணத்தக்கதும் ஆகும்.

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்க நாட்டு வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளர் என்பார் முன்னின்று 1972ஆம் ஆண்டில் நிறுவிய 'டீச்' என்னும் அமைப்பு, ஆட்டிசம் உடைய குழந்தைகட்கு நாளின் நிகழ்ச்சிகளைப் படவரிசையாற் காட்டுதலைத் தன் பயிற்சியின் முதன்மையான கூறாகக் கொண்டது. அவர்கட்கு இன்றியமையாதது ஏனைச் சிறார்க்கும் நலம் பயக்கும் என்பது எமது துணிபு. 1907இல் உரோமையிற் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், பொருள்களைச் சிறார் கைக்கெட்டும் உயரத்தில் வைத்தார். அவரே 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். ஆயினும், நம் பள்ளிகள் பலவற்றில் அட்டவணை இன்னும் பெரியோர் கண்மட்டத்திலேயே, அதுவும் எழுத்திலேயே, தொங்குகின்றது. மேற்பார்வையாளர் படிப்பதற்கென்றே எழுதினர் போலும்!

இது குழந்தையைப் பொறியாக்கிவிடும் என்பர் சிலர். நிமிடக் கணக்கில் இயக்கின் அக்குற்றம் நேரும் என்பது மெய்யே. ஆனால் வரிசை வேறு, நிமிடம் வேறு. மழையால் விளையாட்டு நின்றதாயின், அப்படத்தை நீக்கி வேறொன்று மாட்டப்படுவதைக் குழந்தை அருகிருந்து காணட்டும். திடீரென்று வரும் மாற்றத்தினும் கண்டறிந்த மாற்றம் அச்சம் குறைந்தது.

விலைக்கு வரும் அச்சட்டைகள் சிலவற்றில் வாட்டிய ரொட்டியும் குளியல்தொட்டியும் காணப்படுகின்றன. சாம்பார் சாதம் உண்டு பாயில் உறங்கும் குழந்தைக்கு அவை யாருடைய நாள்? அம்மையத்துத் தட்டையும் பாயையும் தண்ணீர்க் குழாயையும் கைப்பேசியாற் படம்பிடித்து அட்டையில் ஒட்டினாற் போதும். கிராமத் தொண்டிற்குச் செல்லும் நம் மாணவர் இதனை ஒரு பிற்பகலிற் செய்துவிடலாம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். இறுதிப் படம் பொய்த்தல் ஆகாது. அன்னை வயலினின்று திரும்பப் பொழுது சாயுமாயின், அழைத்துச் செல்ல வரும் பாட்டியின் படமே அங்கு இருத்தல் வேண்டும்.